பாசிக்குடா நாய்களுக்கு மாரியில் யார் சோறு வைப்பது?

பாசிக்குடாவுக்குச் சனம் வருவது சித்திரை தொடக்கம் புரட்டாதி வரைதான். அந்த மாதங்களில் கடல் குளம் போலக் கிடக்கும். இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம். சனி, ஞாயிறு, போயா நாட்களில் தூர இடங்களிலிருந்து பஸ்களில் வந்திறங்குகிறவர்கள் கரையிலிருந்து சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்கள். பிரித்த பார்சலைச் சுற்றி நாய்கள் நிற்கும். ஒருவர் மீன் துண்டை எறிவார். ஒரு பிள்ளை பிஸ்கட்டை நீட்டும். இன்னொருவர் கல்லை எடுப்பார். எப்படியோ பொழுது சாயும்போது அந்த நாய்களுக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஐப்பசி கடைசியில் மழையும் வாடைக்காற்றும் தொடங்கிவிட்டால் பஸ்கள் வருவதில்லை. விடுதிகளில் பாதி அறைகளுக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் தோணிகளும் கரையிலேயே இருக்கும். நாய்கள் மட்டும் போக இடமில்லாமல் அங்கேயே நிற்கும். சென்ற மாரியில் ஒரு காலை நேரம் அந்தக் கரையால் நடந்துபோனபோது, ஒரு நாய் மீன் மணக்கும் பழைய கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. இன்னொன்று எப்போதோ யாரோ வீசிய லஞ்ச் சீட் ஒன்றை மண்ணிலிருந்து கிளறி, துண்டு துண்டாக விழுங்கிக்கொண்டிருந்தது. குட்டி போட்ட பெட்டை நாயொன்று ஈர மண்ணையே நக்கியது.

இதையெல்லாம் நாயின் விசித்திரமான தீன் பழக்கம் என்று நாங்கள் சிரித்துவிட்டுப் போகிறோம். ஆனால் ஒரு நாய் எதைத் தின்கிறது என்று கவனித்தால், அதற்குப் பசியா, நோயா, விசரா என்று ஓரளவு அறியலாம். அதைக் கவனிக்கக்கூடிய ஒரே ஆள் அதற்குச் சோறு வைப்பவர்தான். இந்தக் கட்டுரை அவருக்காக எழுதப்படுகிறது.

அவிழ்த்துவிட்ட நாய்கள்

உரிமையாளர் இல்லாமல் திரியும் நாயை எங்கள் பக்கம் கட்டாக்காலி என்போம். கட்டப்படாமல் திரிவது என்று பொருள். எங்கள் மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இங்கே பல நாய்கள் கட்டாக்காலியாகப் பிறக்கவில்லை. ஓடுகிற நேரத்தில் நாங்களே அவற்றை அவிழ்த்துவிட்டோம்.

2006 டிசம்பரில் வாகரைப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான சனம் காட்டு வழியாலும் கடல் வழியாலும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தது. எங்கள் குடும்பமும் அதற்குள் இருந்தது. ஷெல் விழுந்துகொண்டிருந்த பின்னேரம் அம்மம்மா செய்த கடைசி வேலை, கறுவல் என்று நாங்கள் கூப்பிட்ட நாயின் கயிற்றை அவிழ்த்ததும், பானையில் இருந்த சோறு முழுவதையும் முற்றத்தில் கொட்டியதும்தான். கட்டிவிட்டுப் போனால் அது பட்டினியில் செத்துவிடும், அவிழ்த்துவிட்டால் எதையாவது தின்று பிழைக்கும் என்பது அவவின் கணக்கு. 1990 இலும், சுனாமிக்குப் பிறகும், வன்னியில் 2009 வரையிலும் எத்தனையோ வீடுகளில் இதே கணக்கைப் போட்டிருப்பார்கள்.

2007 இல் திரும்பிப் போனோம். கூரை இருக்கவில்லை. மூன்றாம் நாள் கறுவல் வந்தது. விலா எலும்புகளை எண்ணலாம் போல இருந்தது. ஆள் இல்லாத ஊரில் அத்தனை மாதமும் அது எதைத் தின்று உயிரோடு இருந்தது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. சில கேள்விகளை எங்கள் சனம் கேட்பதில்லை.

வந்த பிறகும் அதன் தீன் பழக்கம் மாறியே இருந்தது. சோறு வைத்தால் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் புதைக்கும். அடுப்படிச் சாம்பலை நக்கும். மண்ணைத் தின்னும். அதற்கு விசர் பிடித்துவிட்டதோ என்று அம்மா பயந்தா. ஒரு கால்நடை வைத்தியர் வந்து பார்த்து, முரசு வெளுத்திருப்பதைக் காட்டி, வயிற்றில் கொக்கிப்புழு இரத்தத்தைக் குடிக்கிறது என்றார். பூச்சி மருந்தும் மீன் தலையும் கொடுக்கக் கொடுக்க இரண்டு மாதத்தில் மண் தின்பது நின்றுவிட்டது.

சோறு தின்னும் பிராணி

நாய்க்கு இறைச்சிதான் உணவு, சோறு கூடாது என்று சிலர் சொல்வார்கள். அது முழுதாகச் சரியல்ல. 2013 இல் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயினதும் ஓநாயினதும் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாப்பொருளைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான் இருந்தது. நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை இருந்தன. மனிதன் பயிர் செய்து சாப்பிடத் தொடங்கிய காலத்திலிருந்து அவனுடைய மிச்சத்தைத் தின்று வந்த பிராணி, அந்த மிச்சத்துக்கு ஏற்றபடி மாறிக்கொண்டது. எங்கள் வீட்டு நாய் சோற்றையும் பிட்டையும் தின்று வாழ்வது இதனால்தான்.

ஆனால் வெறும் சோறு போதாது. புரதம் வேண்டும். அவித்து முள் நீக்கிய மீன், முட்டை, கோழியின் ஈரல், அவித்த பருப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சோற்றோடு சேர வேண்டும். உப்பும் உறைப்பும் வேண்டாம்.

பூனையின் கதை வேறு. பூனை ஊன் தின்றே வாழவேண்டிய பிராணி. தோரின் என்ற சத்தை அதன் உடல் போதியளவு உருவாக்காது, இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் எடுக்கவேண்டும். அது கிடைக்காத பூனைக்குக் காலப்போக்கில் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். சொதியும் சோறும் மட்டும் வைத்துப் பூனை வளர்ப்பது அதைப் பட்டினி போடுவதற்குச் சமம்.

மறுபக்கம், மீன் வாடிகளில் பச்சை மீனை மட்டுமே தின்று வளரும் பூனைக்கும் ஆபத்து உண்டு. சாளை, சூடை போன்ற மீன்களின் பச்சை இறைச்சியில் விற்றமின் பி1 ஐ அழிக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. அதையே தொடர்ந்து தின்றால் பூனை தள்ளாடும், தலையை நிமிர்த்த முடியாமல் தவிக்கும், வலிப்பு வரும். அவித்தால் அந்த நொதியம் அழிந்துவிடும். ஒரு கொதி கொதிக்க வைத்தாலே போதும்.

புல், மண், மலம், பிளாஸ்ரிக்

நாய் புல் தின்றால் வயிறு சரியில்லை என்பார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்போரிடம் இதைக் கேட்டறிந்து 2008 இல் வெளியிட்டார்கள். புல் தின்பதற்கு முன் சுகவீனமாகத் தெரிந்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. தின்ற பிறகு வழமையாக வாந்தி எடுப்பவை ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அதாவது புல் தின்பது பெரும்பாலும் சாதாரணப் பழக்கம். பூனையும் அப்படித்தான். பூச்சிநாசினி தெளித்த புல்லாக இல்லாவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. நாள் முழுவதும் புல்லைத் தின்று வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால்தான் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

மண், சாம்பல், சுவர்க் காரை ஆகியவற்றைத் தின்பது அப்படியல்ல. இரத்தச்சோகை, குடற்புழு, சத்துக்குறைவு, நீண்ட பட்டினி ஆகியவற்றில் ஏதோவொன்று பின்னால் இருக்கும். கடற்கரையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கொக்கிப்புழு உள்ள நாய் மணலில் மலம் கழித்தால் புழுவின் குடம்பிகள் ஈர மணலில் வாழும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலுக்குள் அவை புகுந்து, கோடு கோடாக ஊர்ந்து, இரவெல்லாம் அரிப்பைத் தரும். சுற்றுலாவை நம்பி வாழும் கரையில் நாய்களுக்குப் பூச்சி மருந்து கொடுப்பது ஆட்களுக்கும் செய்யும் வைத்தியம்தான்.

மலம் தின்னும் நாயை அடித்துத் திருத்த முடியாது. தாய் நாய் குட்டிகளின் மலத்தை நக்கித் துப்புரவாக்குவது இயல்பு. குட்டிகள் அதைப் பார்த்துச் செய்வதும் உண்டு. வளர்ந்த நாய் செய்தால் பசி, செரிமானக் கோளாறு, புழு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். வயிறு நிறைய வைத்து, மலத்தை உடனே அப்புறப்படுத்துவதுதான் மருந்து.

பொலித்தீன் தின்பது வேறு விடயம். நாய்க்குப் பொலித்தீன் உணவாகத் தெரிவதில்லை. அதில் ஒட்டியிருக்கும் குழம்பின் மணம்தான் அதை விழுங்க வைக்கிறது. லஞ்ச் சீட் உற்பத்திக்கும் விற்பனைக்கும் இலங்கையில் 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. கரையில் அது இன்னும் கிடக்கிறது. எங்கள் அயல் மாவட்டமான அம்பாறையின் பள்ளக்காடு குப்பைமேட்டில் எட்டு வருடத்துக்குள் ஏறக்குறைய 20 யானைகள் பிளாஸ்ரிக் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. யானைக்கே அதுதான் கதி என்றால் நாய்க்கும் மாட்டுக்கும் சொல்லத் தேவையில்லை.

கரையில் கிடக்கும் நஞ்சுகள்

மீன்பிடிக் கரையில் வாழும் நாய், பூனைக்குப் பெரிய எமன் தங்கூசி. இரை மணக்கும் தூண்டில் முள்ளோடு அதை விழுங்கிவிடும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்குவதைக் கண்டால் ஒருபோதும் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே குடல் அந்த நூலில் சுருங்கிக் கோத்திருக்கும். இழுத்தால் அறுத்துவிடும். அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது பேத்தை மீன். வலையில் பட்டதும் கரையில் வீசிவிடும் மீன் அது. அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் போகாது. தின்ற உயிரின் தசைகள் செயலிழந்து மூச்சு நின்றுவிடும். மனிதருக்கும் அதே நிலைதான். நியூசிலாந்தின் ஓக்லாந்துக் கடற்கரைகளில் 2009 இல் நாய்கள் திடீரென்று இறந்தபோது, கரையொதுங்கிய கடல் நத்தை வகையொன்றில் இதே நஞ்சு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வீசுகிற பேத்தையை ஒரு குழி வெட்டி மூடிவிட்டால் ஒரு நாயின் உயிர் மிஞ்சும்.

நாங்கள் அன்பாகக் கொடுப்பவற்றிலும் நஞ்சு உண்டு. வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை இரண்டினதும் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும். பச்சையோ சமைத்ததோ வித்தியாசமில்லை. வெங்காயம் போட்ட கறியின் குழம்பைத் தொடர்ந்து ஊற்றுவது மெதுவாக நஞ்சூட்டுவது போன்றது. சொக்லேட், முந்திரிகை வற்றல், சீனிக்குப் பதிலாகச் சைலிட்டோல் சேர்த்த சூயிங்கம் ஆகியவை நாய்க்கு ஆகாது. சமைத்த கோழி எலும்பு ஊசி போலப் பிளந்து குடலைக் குத்தும். மணிகளைத் தின்றுவிட்டு வீசும் சோளப்பொத்தியின் தண்டும் மாங்கொட்டையும் குடலை அடைத்துவிடும். பாசிக்குடாவுக்கு வருகிறவர்கள் வீசிவிட்டுப் போவதில் இவைதான் கூடுதல்.

விசர் நாயின் தீன்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் ஞாபகம் வைத்திருக்க முடியுமென்றால், இதை வைத்திருங்கள்.

விசர்நாய்க்கடி நோய் பிடித்த நாயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று தீன் மாறுவது. வழமையான சோற்றை மணந்துவிட்டு விலகிவிடும். அதே நேரம் தடி, கல், மண், துணி போன்ற உணவல்லாதவற்றைக் கடித்து விழுங்கும். குரைக்கும் குரல் மாறும். பழகியவரைக் கண்டு ஒளியும், அல்லது அளவுக்கு மீறி வந்து ஒட்டும். முன்பு சொன்ன மண் தின்னும் பழக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. புழுவாலோ பசியாலோ மண் தின்னும் நாய் கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் தின்னும், சோறு வைத்தாலும் தின்னும். விசர் பிடித்த நாயின் குணம் ஓரிரு நாளில் மாறும், சோற்றைத் தொடாது. அறிகுறி தெரிந்து பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும்.

எல்லா விசர் நாயும் பாய்ந்து கடிக்காது. ஊமை விசர் என்று ஒரு வகை உண்டு. கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாமல் தொண்டையைச் செருமும். பார்க்கிறவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியது போலத் தெரியும். பாசமாகச் சோறு வைத்தவர் வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பார். எச்சில் விரல் கீறலில் பட்டால் போதும், கடி தேவையில்லை. தாடை தொங்கும் நாயின் வாய்க்குள் கையை விடாதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ அரச கால்நடை வைத்தியருக்கோ அறிவியுங்கள்.

கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ செய்யவேண்டியது எளிது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், எண்ணெய், கோப்பித் தூள் எதுவும் பூச வேண்டாம். அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை பாசிக்குடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊசி தேவையா, எத்தனை என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் இல்லை. பூனை, கீரி, மரநாய் கடித்தாலும் இதேதான். நோய் அறிகுறி மனிதரில் தோன்றிய பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்த நோயால் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இறக்கிறார்கள். மனிதருக்குத் தொற்றுவதில் 99 வீதம் நாயால் வருகிறது. சந்தேகத்துக்கிடமான கடிக்கு ஆளாவோரில் 40 வீதமானோர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இலங்கையில் 1973 இல் 377 பேர் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை அண்மைய ஆண்டுகளில் சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. நாய்களுக்கு ஏற்றிய ஊசியும் மனிதருக்குக் கிடைத்த சிகிச்சையும்தான் காரணம். ஆனால் இந்தச் சில பத்துப் பேரும் இறந்திருக்கத் தேவையில்லாதவர்கள்.

சோறு வைத்தால் நாய் பெருகாதா?

நாய்க்குச் சோறு வைப்பவரிடம் அயலவர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. உணவு கூடினால் நாய் கூடும் என்பது உண்மை. இந்தியாவில் 1990 களில் மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபெனக் என்ற வலிமருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. கழுகுகள் தின்றுவந்த மாட்டுச் சடலங்கள் நாய்களுக்குக் கிடைத்தன. நாய்த்தொகை பெருகியது, கடியும் கூடியது. அந்த மருந்தை மாடுகளுக்குக் கொடுப்பது 2006 இல் தடைசெய்யப்பட்டது.

ஆகவே பெட்டை நாய்க்கு வருடக்கணக்கில் சோறு மட்டும் வைப்பவர், தான் அறியாமலே குட்டிகளையும் பெருக்குகிறார். நாய் சினைப்பட்டு 63 நாளளவில் குட்டி போடும். கோடையில் விடுதிச் சோற்றில் வளர்ந்த குட்டிகள் மாரியில் பட்டினியில் சாகும், அல்லது வாகனத்தில் அடிபடும்.

பிடித்துக் கொல்வதும் தீர்வாகவில்லை. இலங்கையில் 1893 இலேயே விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்பின் நீண்ட காலமாக நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். கொன்ற இடத்துக்கு அயலிலிருந்து ஊசி ஏற்றாத புதிய நாய்கள் வந்து சேர்ந்தன. 2006 இல் கொல்லும் முறை நிறுத்தப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் கொள்கையாகின. கொழும்பில் மாநகர சபையும் புளூ போ டிரஸ்ட் அமைப்பும் சேர்ந்து 2007 தொடக்கம் இதைச் செய்தபோது நாய்களிடையே விசர் கணிசமாகக் குறைந்தது. ஒரு பகுதியின் நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி ஏற்றினால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தியாவில் இந்த வாதம் 2025 இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்ட் 11 இல் டில்லிப் பகுதித் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்து அடைக்கும்படி உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 22 இல் அது திருத்தப்பட்டது. கருத்தடையும் ஊசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், விசர் பிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு. தெருவில் கண்டபடி உணவு வைக்கக் கூடாது, அதற்கென ஒதுக்கிய இடத்தில் வைக்கவேண்டும். எங்கே, எப்படிச் சோறு வைப்பது என்பது ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் பேசவேண்டிய விடயமாகிவிட்டது.

பாசிக்குடாவில் அந்த ஒழுங்கு இன்னும் இல்லை. யுத்தத்தில் அழிந்த விடுதிகளின் இடத்தில் 2011 அளவில் புதிய விடுதிகள் திறந்தன. அவற்றின் சமையலறைகளைச் சுற்றி ஒரு நாய்ச் சமூகம் உருவானது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு பயணிகள் நின்றார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2022 இல் எரிபொருளும் இல்லை, சோற்றுக்கு அரிசியும் கைக்கெட்டவில்லை. மூன்று தடவையும் அந்த நாய்களுக்குக் கோடையிலேயே மாரி வந்தது. சிலர் இறைச்சிக்குள் நஞ்சு வைத்துக் கணக்கை முடிக்கப் பார்ப்பார்கள். மிருகவதைக்கு எதிரான 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் எழுதப்பட்ட அபராதம் 100 ரூபா. இன்றைக்கு அது ஒரு இறாத்தல் பாணுக்கும் காணாது.

சோறு வைப்பவர் செய்யக்கூடியது

கட்டாக்காலி நாயைப் பிடிப்பது கஷ்டம். வலையோடு வரும் ஆளைக் கண்டால் அது ஓடிவிடும். நாளாந்தம் சோறு வைப்பவரின் கைக்கு மட்டும் அது வரும். ஆகவே ஊரில் விசரை ஒழிக்கும் வேலையில் பிரதேச சபைக்கும் கால்நடை வைத்தியருக்கும் இல்லாத ஒரு வசதி அவரிடம் இருக்கிறது.

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், சிறிது சிறிதாகப் பல பாத்திரங்களில் வையுங்கள். நாய்கள் சண்டை பிடிக்காது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் பாதை, கோயில், பள்ளிவாசல் வாசல்கள், ஆட்கள் குளிக்கும் கரை ஆகியவற்றைத் தவிருங்கள். தின்று முடிந்ததும் மிச்சத்தை அள்ளிவிடுங்கள். தண்ணீர் வைக்க மறக்காதீர்கள். நாய் தின்னும்போது பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

வைக்கும் நாய்களை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை பெட்டை, எத்தனை குட்டி, எது ஊசி ஏற்றியது என்று ஒரு கொப்பியில் இருந்தால், தடுப்பூசிக் குழு வரும்போது பாதி வேலை முடிந்துவிடும். கோறளைப்பற்று பிரதேச சபையிடமும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்திடமும் ஊசி ஏற்றும் நாளைக் கேளுங்கள். பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்வது பற்றியும் கேளுங்கள். தனியாள் கேட்பதைவிட, விடுதிக்காரரும் கடற்றொழிலாளர் சங்கமும் ஊராரும் சேர்ந்து கேட்டால் காது கேட்கும்.

விடுதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கோடையில் உங்கள் சமையலறை மிச்சத்தில் வளர்ந்த நாய்க்கு மாரியிலும் ஒரு நேரச் சோறு போடுவது பெரிய செலவில்லை. ஊசியும் கருத்தடையும் செய்த பத்து நாய்கள் நிற்கும் கரைக்கு, ஊசி போடாத முப்பது நாய்கள் புதிதாக வருவது குறையும். சுற்றுலாப் பயணிக்கும் அது பாதுகாப்பு.

இது மத விடயமும் அல்ல, ஆனால் மதம் தடையாகவும் இல்லை. நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் போக மறுத்த தருமன் கதை எங்கள் ஊர்க் கூத்துக்காரருக்குத் தெரியும். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி ஓட்டமாவடிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். வடக்கில் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்றே ஒரு சரணாலயம் நடத்துகிறது. கிழக்கில் ஒவ்வொரு ஊருக்கும் சரணாலயம் வராது. ஒவ்வொரு ஊரிலும் சோறு வைக்கும் ஒரு கை இருக்கிறது.

கறுவல் அதன் பிறகு ஒருவரையும் கயிறு போட விடவில்லை. கயிற்றைக் கண்டாலே வேலிக்கு வெளியே போய்விடும். மீள்குடியேறி இரண்டு வருடம் கழித்து ஊருக்கு ஊசி ஏற்றும் குழு வந்தது. வந்தவர்கள் சுருக்குத் தடியோடு வளவெல்லாம் ஓடிக் களைத்துவிட்டார்கள். அம்மம்மா அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு கோப்பையில் சோறும் மீனும் பிசைந்து எடுத்துக்கொண்டு முற்றத்தில் குந்தினா. கறுவல் வந்து அவவின் மடியில் தலையை வைத்துத் தின்னத் தொடங்கியது. அவ இடது கையால் அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஊசிக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினா. அது அசையவே இல்லை.